பிரான்சின் கடற்கரை உணவகத்தில் நல்ல உபசரிப்பைப் பெறுவது எப்படி?

பிரான்சின் கடற்கரை ஊர்களில் பல உணவகங்கள் மதிய உணவை ஏறத்தாழ 12 மணி முதல் 2 மணி வரையே பரிமாறுவதால், கோடையில் முன்பதிவு செய்துகொண்டு உரிய நேரத்தில் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லாமல் நேராகக் கேட்கத் தொடங்குவதை அங்கே மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். பணியாளரின் முகம் மலர்வதும் சுருங்குவதும் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்நீர் இலவசமாக வரும். சிப்பிக்குப் பெயர்பெற்ற கான்கால் போன்ற ஊர்களில் சிப்பி கேட்கும்போது, அளவைக் குறிக்கும் எண்களில் எண் 5 சிறியது, எண் 2 அதைவிடப் பெரியது என்பதை நினைவில் வையுங்கள். முழு மீனுக்கு 100 கிராமுக்கான விலை மட்டும் எழுதப்பட்டிருந்தால், சமைக்கும் முன்பே எடையைக் கேட்டுவிடுங்கள். பில் மீதான மனக்கசப்பை அது தவிர்க்கும்.

சாப்பிட்டு முடித்தும் பில் வராதது அலட்சியமல்ல, விருந்தினரை அவசரப்படுத்தக் கூடாது என்ற பண்பு; எனவே பில்லை நீங்களே கேளுங்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை.