பீர் தீராது, பிரிஸ்கெட் தீர்ந்துவிடும்: ஷைனரில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துவது எப்படி?

டெக்சாஸில் ஹூஸ்டனிலிருந்து சான் ஆன்டோனியோ போகிற நம்மாட்கள் பெரும்பாலும் ஐ-10 ஹைவேயில் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு, நடுவில் ஏதாவது கேஸ் ஸ்டேஷனில் ஒரு காபியைக் குடித்துவிட்டுப் போய்ச் சேருவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஃபிளாட்டோனியாவில் இறங்கி, 95-ம் எண் சாலையில் தெற்கே இருபது நிமிடம் ஓட்டினால் ஷைனர் வந்துவிடும். சுமார் இரண்டாயிரம் பேர் வசிக்கிற குட்டி ஊர். 1909-லிருந்து அங்கே ஒரு பீர் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது, பெயர் ஸ்பெட்ஸல். டெக்சாஸில் எந்தக் கடையிலும் கிடைக்கிற ஷைனர் பாக் பீர் இங்கேதான் காய்ச்சப்படுகிறது. ஆலை வளாகத்திலேயே, விறகுப் புகையில் வேகவைத்த கறி விற்கிற பார்பிக்யூ கடையும் உண்டு.

முதல் தடவை போகிறவர்கள் செய்கிற தப்பு, "பீர் ஆலைதானே, சாயங்காலமாகப் போகலாம்" என்று நினைப்பது. வேறொரு சின்ன ஊரில் நான் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். மதியம் இரண்டரைக்குப் போய் நின்றால், பலகையில் பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி), ரிப்ஸ் (விலா எலும்புக் கறி) எல்லாவற்றின் மேலும் சாக்பீஸ் கோடு, அதாவது தீர்ந்துவிட்டது. உருளைக்கிழங்கு சாலடும் வெள்ளை ரொட்டியும் தின்றுவிட்டுத் திரும்பினோம். அதனால் கறி எப்போது கிடைக்குமோ அதற்கேற்ப நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பீர் எங்கேயும் போகாது.

படி 1: நேரம் குறிப்பது

பிரிஸ்கெட் ஒன்று பத்துப் பன்னிரண்டு பவுண்டு தேறும். போஸ்ட் ஓக் என்கிற மரத்தின் விறகுப் புகையில், 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில், பன்னிரண்டு மணி நேரமாவது கிடக்க வேண்டும். கறிக்குள் இருக்கிற கெட்டியான நார் கரைந்து வழுவழுவென்று ஆவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுவில் கறியின் உள்சூடு 160 டிகிரி பக்கம் வந்ததும் கறி வியர்க்க ஆரம்பித்து, சூடு மணிக்கணக்கில் ஏறாமல் அப்படியே நிற்கும். அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. நேற்று ராத்திரி அடுப்பில் ஏற்றியதுதான் இன்றைக்கு விற்பனைக்கு, தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே பதினொன்றரைக்குள் வரிசையில் நில்லுங்கள். ஹூஸ்டனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஒன்பது மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். கடை எந்தெந்த நாள் திறந்திருக்கிறது என்பதை முந்தின நாளே பார்த்துவிடுங்கள், சின்ன ஊர்க் கடைகள் வாரம் முழுக்கத் திறந்திருப்பதில்லை.

படி 2: யார் ஓட்டுவது

வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவாகிவிட வேண்டும். அங்கே போய் "நான் ஒரே ஒரு கிளாஸ்தான்" என்கிற பேச்சே வேண்டாம். டெக்சாஸில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் வந்தாலே குற்றம், போலீஸ்காரர் நினைத்தால் அதற்குக் கீழேயும் பிடிக்கலாம். திறந்த பாட்டில் காருக்குள் இருப்பதும் தப்பு, வாங்கியதை மூடியைத் திறக்காமல் டிக்கியில் போடுங்கள். வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த விருந்தாளி இருந்தால் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நரைத்த தலையைப் பார்த்தும் அடையாள அட்டை கேட்பார்கள்.

படி 3: ஆர்டர் சொல்வது

புதிதாக வருபவர்கள் திணறுகிற இடம் இதுதான். நம்மூர்க் கறிக்கடை மாதிரி இங்கே கறியை எடை போட்டுத்தான் விற்பார்கள். காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் நடத்திய கறிக்கடைகளில், விற்காமல் மிஞ்சிய கறியைப் புகை போட்டு, காகிதத்தில் பொட்டலம் கட்டி விற்றார்கள். அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும். ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து அரை பவுண்டு போதும். நான்கு பேர் போனால் ஒரு பவுண்டு பிரிஸ்கெட், அரை பவுண்டு ரிப்ஸ், இரண்டு சாசேஜ். பார்த்ததும் ஆசைப்பட்டு மூன்று பவுண்டு சொல்லிவிடாதீர்கள், பல கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டு 25 டாலருக்கு மேல் போகும்.

"லீனா, மாய்ஸ்ட்டா?" என்று கத்தியோடு நிற்பவர் கேட்பார். லீன் என்றால் கொழுப்பு குறைந்த பக்கம், மாய்ஸ்ட் என்றால் கொழுப்போடு கூடியது. முதல் தடவை என்றால் யோசிக்காமல் மாய்ஸ்ட் சொல்லுங்கள். நல்ல கடையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பென்சில் கனத்துக்கு வெட்டிய ஒரு துண்டை விரல் மேல் போடுங்கள். இரண்டு பக்கமும் தொங்க வேண்டும், அறுந்து விழக்கூடாது, லேசாக இழுத்தால் பிரிய வேண்டும். உதிர்ந்தால் கூடுதலாக வெந்துவிட்டது, ரப்பர் மாதிரி இழுத்தால் பொறுமை இல்லாத கடை.

கறுப்பு மேல்தோலுக்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரியும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமா அதைப் பார்த்துவிட்டு "டேய், கறி வேகலையேடா" என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். நன்றாக வெந்த கறிதான், விறகுப் புகை கறியோடு சேர்ந்து பிடித்த நிறம் அது. அரை மணி நேரம் விளக்கம் சொல்லி, அப்புறம் அவர்தான் கடைசித் துண்டைச் சாப்பிட்டார்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு டர்க்கி, பன்றி ரிப்ஸ் இருக்கும். சாசேஜில் மட்டும் கவனம், பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்துதான் இருக்கும், கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே பலகையில் வெட்டுவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். சைவமா? பீன்ஸில்கூடக் கறித் துண்டு கிடக்கும். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்து காரில் முதலிலேயே சாப்பிட்டுவிடுவது உத்தமம், சும்மா சொல்லவில்லை.

படி 4: பீர்

பாக் என்பது ஜெர்மனியிலிருந்து வந்த, வழக்கமாகக் கொஞ்சம் காட்டமான பீர் வகை, பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். தேன் கலந்த மாதிரி பழுப்பு நிறம், ஆனால் ஆல்கஹால் 4.4 சதவீதம்தான், கசப்பும் குறைவு, கொழுப்பான கறிக்கு நன்றாக எடுபடும். ஆலைக்குப் பெயர் கொடுத்த காஸ்மஸ் ஸ்பெட்ஸல் ஜெர்மனியின் பவேரியாக்காரர், இங்கே வருவதற்கு முன் கெய்ரோவில் பீர் காய்ச்சியவர், 1914-ல் இந்த ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். மதுவிலக்கு வந்த பிறகு ஐஸ் கட்டியும் ஆல்கஹால் இல்லாத பீரும் விற்றுத்தான் ஆலையைக் காப்பாற்றினார்கள். ஓட்டுகிறவருக்கு ஐஸ் டீ, மற்றவர்கள் கறியைச் சாப்பிட்ட பிறகே கிளாஸைத் தொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

படி 5: மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது

ஐஸ் பெட்டி கட்டாயம், டெக்சாஸ் வெயிலில் கார் அடுப்பாகிவிடும். வெட்டாமல் முழுத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள், வெட்டியது காய்ந்துபோகும். மறுநாள் மைக்ரோவேவில் வைக்காமல், அலுமினியத் தாளில் சுற்றி இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, ஓவனில் மெல்லிய சூட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது கொத்துப் பரோட்டாவுக்குள் போகும், கடையில் இலவசமாகக் கொடுத்த வெங்காயமும் கூடவே.