துப்பறிவாளரை முந்துவது எப்படி?

மர்ம நாவலைச் சும்மா படித்துக்கொண்டே போனால், கடைசியில் துப்பறிவாளர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்கும்போது வாயைப் பிளப்பதோடு சரி. அவருக்கு முன்னால் நாமே ஆளைப் பிடித்துவிட்டால் வருகிற குஷியே வேறு. இதற்குப் பெரிய மூளையெல்லாம் தேவையில்லை, கொஞ்சம் பழக்கம் போதும்.

பின்னட்டையைப் படிக்காதீர்கள். பாதிக் கதையை அங்கேயே கொட்டிவிடுவார்கள். வாடகை நூலகப் புத்தகம் என்றால் புரட்டியும் பார்க்காதீர்கள். முன்னால் படித்த புண்ணியவான் யாராவது ஒரு பெயருக்கு அடியில் கோடு போட்டு 'இவன்தான்' என்று எழுதிவைத்திருப்பார்.

ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய வம்சாவளியையும் எழுத வேண்டாம். கொலை நடந்த நேரத்தில் யார் எங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள், அதற்கு யார் சாட்சி, அவ்வளவுதான். 'பத்து மணிக்கு மாமா அறையில் பேச்சுக்குரல் கேட்டது' என்று மருமகள் சொன்னால், பத்து மணிக்கு மாமா உயிரோடு இருந்தார் என்று குறித்துவிடாதீர்கள். குரல் கேட்டதாக மருமகள் சொன்னாள் என்று குறியுங்கள். ரேடியோவும்தான் பேசும்.

தடயத்தை எழுத்தாளர் நம் கண்ணில் காட்டியே ஆகவேண்டும். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் மர்ம நாவல் எழுதியவர், இதற்கென்றே பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிவாளர் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும் என்றெல்லாம். அதே ஆண்டு வந்த எல்லரி குவீனின் முதல் நாவலில், முடிவுக்கு முன்னால் கதையையே நிறுத்திவிட்டு வாசகருக்குச் சவால் விடுகிற பக்கம் ஒன்று உண்டு.

சரி, காட்டவும் வேண்டும், நாம் கவனிக்கவும் கூடாது. என்ன செய்வார்கள்? பட்டியலுக்கு நடுவில் செருகிவிடுவார்கள். 'மேஜைமேல் மூக்குக்கண்ணாடி, பழைய பேப்பர், டிக் டிக்கென்று ஓடும் சாவிக் கடிகாரம், வெற்றிலைச் செல்லம்.' வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது என்று முந்தின பக்கத்தில்தான் படித்தோம். அப்புறம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது யார்? யோசிப்பதற்குள் அடுத்த வரியில் மாடியிலிருந்து ஓர் அலறல். நாமும் மாடிக்கு ஓடிவிடுவோம். அதனால் எங்கே அலறல் கேட்டாலும், எங்கே போன் மணி அடித்தாலும், அதற்கு முந்தின நாலு வரியை இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.

மருந்துச் சீசா வந்தாலும் நின்று படியுங்கள். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். அவர் கதையில் நோயின் அறிகுறி எதுவும் சும்மா வராது. 1977இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், என்ன நோய் என்று டாக்டர்களுக்கே பிடிபடாமல் ஒரு குழந்தை கிடந்தது. முடி கொட்டுவதைப் பார்த்து, தாலியம் விஷமாக இருக்குமோ என்று சொன்னவர் ஒரு நர்ஸ். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தது கிறிஸ்டியின் நாவல். குழந்தை பிழைத்தது. எந்த நாவல் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதில் வருகிற விஷம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முக்கால்வாசி வந்ததும் புத்தகத்தை மூடுங்கள். 300 பக்கம் என்றால் 225 பக்கத்தில். சீட்டில் பெயரை எழுதி, ஏன், எப்படி என்றும் எழுதுங்கள். காரணம் இல்லாமல் பெயரை மட்டும் எழுதுவது லாட்டரி. காரணம் சரியாக இருந்து ஆள் மாறிப்போனால்கூட அதை நான் பாதி வெற்றி என்றே எடுத்துக்கொள்வேன்.

சஸ்பென்ஸ் நாவலுக்கு இந்தச் சீட்டு வேலை ஆகாது. சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னதுபோல, மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியும், உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, பதறத்தான் முடியும். மறுநாள் வேலை இருந்தால் ராத்திரி ஆரம்பிக்காதீர்கள்.

மர்ம நாவலை முடித்தபிறகு முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். கொலையாளி எத்தனை தடவை நம் முன்னால் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறான் என்று தெரியும். அப்படி எதுவும் இல்லாமல், முன்பின் தெரியாத இரட்டைப் பிறவி அண்ணன் கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முளைத்திருந்தால், அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தை நான் தொடுவதில்லை.