ஒரே ஓவன், பதினான்கு பேர்

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் தேங்க்ஸ்கிவிங், அதாவது நன்றி நவிலும் நாள் விருந்து. பெரியவர்கள் 9 பேர், பிள்ளைகள் 5 பேர். அதில் என் மாமியாரையும் சேர்த்து 4 பேர் சுத்த சைவம். பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மையாரும் வருவார். இத்தனை ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், இந்த விருந்துக்குத் தட்டுப்பாடு பணமல்ல. ஓவன்தான். வீட்டில் இருப்பது ஒன்று, அதற்குள் போக வேண்டியவை ஆறு. ஆகவே அலங்காரமோ சமையலோ, எது எப்போது ஓவனுக்குள் போகும் என்பதைத்தான் முதலில் எழுதிக்கொள்வேன்.

அலங்காரம் செவ்வாய்க்கிழமை இரவோடு முடிந்துவிட வேண்டும். மேசைக்கு என் பழைய மதுரைச் சுங்குடிச் சேலை. அரக்கு நிறம், ஓரத்தில் மஞ்சள். நீளவாக்கில் நான்காக மடித்து நடுவே ஓடவிட்டால், கடையில் 25 டாலர் கொடுத்து வாங்கும் துணி அதன் அருகில் நிற்காது. பிள்ளைகளின் மேசைக்குப் பழுப்புக் காகிதப் பைகளை வெட்டி விரித்து ஒட்டி, ஒரு டப்பா கிரேயான் வைத்துவிடுவேன். சாப்பாடு தாமதமானாலும் அந்த மேசையிலிருந்து சத்தம் வராது.

பரங்கிக்காய் ஹாலோவீன் முடிந்த மறுநாளே பாதி விலைக்கு வந்துவிடும். அப்போது வாங்குங்கள், ஆனால் முகம் செதுக்க விற்கும் பெரியதை வேண்டாம், அது தண்ணீர்க் காய். 'பை பம்ப்கின்' ('பை' என்னும் பண்டம் செய்யும் பரங்கி) என்று எழுதியிருக்கும் சிறியவை மூன்று போதும். வெட்டாமல், காம்போடு, குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால் விருந்து வரை அப்படியே இருக்கும். மேசையில் அழகுக்கு நின்றுவிட்டு, அடுத்த வாரம் புளி ஊற்றிய கூட்டாகிவிடும். வரிவரியாக, முண்டும் முடிச்சுமாக விற்கும் அழகுச் சுரைக்காய்களைச் சமைக்க முயலாதீர்கள், கசக்கும்.

மேப்பிள் இலைகள் நவம்பர் கடைசியில் அழுகிவிட்டிருக்கும். அக்டோபரிலேயே பொறுக்கி, கனமான புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். ஐந்தாறு நாளில் தட்டையாகக் காய்ந்திருக்கும். அதில் வெள்ளை மார்க்கரால் ஒவ்வொருவர் பெயரையும் எழுதித் தட்டில் வைத்தால் இருக்கை அட்டை ஆயிற்று. பைன் மரத்துக் காய்களையும் பொறுக்கலாம், ஆனால் அப்படியே மேசைக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு வருடம் நான் அப்படிச் செய்து, அறையின் சூட்டில் உள்ளிருந்து ஒரு பூச்சி இறங்கி வந்து சம்பந்தியம்மாவின் தட்டை நோக்கி நடந்தது. இப்போது தட்டில் ஃபாயில் விரித்து, 200 டிகிரி பாரன்ஹீட்டில் அரைமணி நேரம் ஓவனில் வைத்து எடுக்கிறேன். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிசின் இருக்கிற காய்.

அதே சூட்டில் கால் அங்குல ஆரஞ்சு வில்லைகளை மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தலாம், இடையிடையே திருப்பிப் போட்டு. அவற்றோடு மேசையில் வைக்கும் பட்டையை இந்தியக் கடையில் வாங்குங்கள், சூப்பர்மார்க்கெட் சின்னக் குப்பியின் விலைக்கு ஒரு பொட்டலமே வரும். மெழுகுவர்த்தி என்றால் ஜாம் பாட்டிலுக்குள் மட்டும், காய்ந்த இலைகளிலிருந்து தள்ளி. வாசனை மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். வெண்ணெயில் வேகும் பூண்டு வாசனையோடு வனிலா சண்டை போடும். எதுவானாலும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டக்கூடாது, எதிரில் இருப்பவர் முகம் தெரிய வேண்டும்.

இனி வான்கோழி. 12 பவுண்டு எங்களுக்குத் தாராளம். பல கடைகளில் அந்த மாதம் குறிப்பிட்ட தொகைக்குச் சாமான் வாங்கினால் இலவசமாகவே தருவார்கள். உறைந்த பறவை ஃபிரிட்ஜில் இளக, நான்கைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் ஆகும். இது தெரியாமல் முதல் வருடம் நான் புதன்கிழமை மாலை ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன். வியாழன் காலை உள்ளே கையை விட்டால் கல். இரவு ஒன்பதரைக்கு அது மேசைக்கு வந்தபோது பிள்ளைகள் தயிர்ச்சாதம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டிருந்தார்கள். இப்போது ஞாயிறு இரவே மாற்றிவிடுகிறேன்.

கழுவக்கூடாது. "மஞ்சள் போட்டுக் கழுவாமல் எப்படியம்மா?" என்று அத்தை, தான் தொடக்கூட மாட்டாதவர், ஆண்டுதோறும் கேட்பார். கழுவினால் கிருமிதான் தொட்டியெங்கும் தெறிக்கும். அதைக் கொல்வது சூடு. காகிதத் துண்டால் ஈரம் ஒற்றி, ஒரு கட்டி வெண்ணெயில் நசுக்கிய பூண்டு, இடித்த மிளகு, உப்பு, நறுக்கிய கறிவேப்பிலை குழைத்து, மார்புத் தோலுக்கு அடியில் விரலால் தள்ளிவிடுங்கள். 325 டிகிரியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். கடிகாரத்தை நம்பாமல், எலும்பில் படாதபடி தொடையின் தடித்த இடத்தில் தெர்மாமீட்டர் குத்தி 165 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள்; மார்பிலும் ஒருமுறை.

நாலு மணிச் சாப்பாட்டுக்கு நான் பதினொன்றரைக்கு உள்ளே வைக்கிறேன். வெளியே எடுத்ததும் அரைமணி நேரமாவது அது ஆற வேண்டும். அந்த நேரம்தான் பொன்னானது, ஓவன் காலி. உடனே 350 டிகிரிக்கு ஏற்றி, மற்ற இரண்டையும் தள்ளிவிடுவேன்.

ஒன்று பீன்ஸ் கேசரோல், பீன்ஸைக் கெட்டிச் சாஸில் கலந்து ஓவனில் வைத்து எடுப்பது. இது எங்கள் மாநிலத்துச் சரக்கு: 1955-இல் கேம்டன் நகரில், கேம்பல் சூப் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டார்கஸ் ரெய்லி உருவாக்கியது. டப்பா சூப்புக்குப் பதில் நான் மூன்று கரண்டி வெண்ணெயில் மூன்று கரண்டி மைதாவை வறுத்து, இரண்டு கப் பால் ஊற்றிக் கெட்டியாக்கி, வதக்கிய காளானும் மிளகும் சேர்க்கிறேன். நான்கு நிமிடம் உப்புநீரில் வெந்த பீன்ஸை அதில் கலந்து, மேலே பிரியாணிக்கு விற்கும் பொரித்த வெங்காயம்.

மற்றது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. மூன்று பவுண்டு கிழங்கை முந்தின நாளே வேகவைத்து மசித்து, அரை கப் ஆரஞ்சுச் சாறு, வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, பட்டைப்பொடி. மேலே மார்ஷ்மெல்லோ போடுவது இங்கே வழக்கம். வழக்கமான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, அது விலங்கிலிருந்து எடுப்பது. அதனால் இரண்டு பாத்திரம்: பிள்ளைகளுக்கு அது, சைவர்களுக்கு பீக்கன் பருப்பு. டப்பாவில் வரும் ஸ்டஃபிங் என்ற ரொட்டித்துண்டுக் கலவையில் கோழிச்சாறும், சில ஆயத்த 'பை' மாவுகளில் பன்றிக்கொழுப்பும் இருக்கும். பொடி எழுத்தையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

கிரான்பெரி அடுப்பு வேலை. 340 கிராம் பையில் பாதியைச் சர்க்கரையும் தண்ணீரும் அரை அரை கப் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் பழம் படபடவென வெடித்துச் சாஸ் ஆகிவிடும். மீதிப் பாதி தொக்கு. நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயப்பொடி, உப்பு, நெல்லிக்காயளவு வெல்லம். புளியே வேண்டாம், அவ்வளவு புளிப்பு அதற்கே உண்டு. பக்கத்து வீட்டு அம்மையார் இதைத்தான் முதலில் தேடுவார். கண்ணில் நீர் வர இரண்டாம் முறையும் போட்டுக்கொள்வார்.

விருந்து முடிந்த இரவே வான்கோழி எலும்பை மிளகு, சீரகம், இஞ்சியோடு கொதிக்கவிடுங்கள். சுங்குடியை உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் தனியாக ஊறவையுங்கள், சாயம் போகும். கிரான்பெரிக் கறை உடனே கவனித்தால் போய்விடும். போகாத ஒன்று என் சேலையில் 2014-லிருந்து இருக்கிறது. அந்த மூலையின் மேல்தான் எப்போதும் பரங்கிக்காய் உட்காரும்.