சிறு தோட்டத்து ஷாம்பெயின்: ருசி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸிலும் லண்டனிலும் சொந்தமாக ஒயின் கடை நடத்துகிறவர்கள் சிலர், பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் செய்யும் குமிழி ஒயினான ஷாம்பெயினில் ஐந்தாறு பாட்டில்களை அவ்வப்போது திறந்து வைத்து வாடிக்கையாளர்களுக்கு ருசி காட்டுவார்கள். விமான நிலையக் கடைகளில் வரிசையாக நிற்கும் பெரிய பெயர்கள் அதில் இருக்காது. யாரோ ஒரு விவசாயக் குடும்பத்தின் பெயர், கேள்விப்படாத ஒரு கிராமத்தின் பெயர், அவ்வளவுதான் லேபிளில். அங்கே போய் நிற்கும் பலர் செய்கிற முதல் தவறு, தெரிந்த ஷாம்பெயினின் ருசியை இந்த பாட்டில்களில் தேடுவது.

பெரிய நிறுவனங்கள் பல கிராமங்களிலிருந்து திராட்சை வாங்குகின்றன. பல வருடத்து ஒயின்களைச் சேமித்து வைத்துக் கலக்கின்றன. எந்த வருடம் வாங்கினாலும் ஒரே ருசி வரவேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு உழைப்பும். அது பெரிய திறமை, சந்தேகமில்லை. ஆனால் ஒன்றிரண்டு கிராமங்களில் சில ஹெக்டேர் மட்டும் வைத்திருப்பவரால் அந்த அளவுக்குக் கலக்க முடியாது. அந்த வருடம் பெய்த மழையும் அடித்த வெயிலும் பாட்டிலுக்குள் வந்துவிடும். “போன தடவை வாங்கினது மாதிரி இல்லையே” என்று கடைக்காரரிடம் குறைபட வேண்டாம். இந்த ஒயின்களைத் தேடி வருவதே அதற்காகத்தான்.

அடுத்தது லேபிளை அரைகுறையாகப் படிப்பது. ஷாம்பெயின் லேபிளில், பெரும்பாலும் அடியில், பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதற்கு முன்னால் இரண்டு எழுத்து. ஆர்.எம். என்றால் தன் திராட்சையைத் தானே ஒயினாக்குகிறவர். என்.எம். என்றால் திராட்சையை வெளியிலிருந்தும் வாங்குகிறவர். சி.எம். கூட்டுறவுச் சங்கம். எம்.ஏ. என்பது சூப்பர்மார்க்கெட் போன்றவை தங்கள் பெயரை ஒட்டி விற்பது. கவனிக்க வேண்டியது ஆர்.சி.: விவசாயி திராட்சையைச் சங்கத்துக்குக் கொடுத்து, சங்கம் செய்த ஒயினைத் தன் குடும்பப் பெயரில் விற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பாட்டிலிலும் அதே ஒயின் இருக்கலாம்.

இதைத் தெரிந்துகொண்டதும் பலர் மறுகோடிக்குப் போய், ஆர்.எம். இருந்தால் வாங்குவேன், இல்லாவிட்டால் தொடமாட்டேன் என்கிறார்கள். அதுவும் சரியில்லை. ஆர்.எம். என்பது யார் செய்தது என்பதற்கான சான்று மட்டும்தான். நன்றாகச் செய்தாரா என்று அது சொல்லாது. ஷாம்பெயின் பகுதியின் முக்கிய நகரமான ரேன்ஸுக்குத் தெற்கே உள்ள மாயி கிராமத்தில் 1929-ல் தொடங்கிய கூட்டுறவு, அந்த ஒரே கிராமத்துத் திராட்சையில் மட்டும் ஷாம்பெயின் செய்கிறது. சி.எம். என்று அதை ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

எனக்கு இவற்றை எல்லாம்விட முக்கியமாகப் படுவது பின்பக்க லேபிளில் இருக்கும் ஒரு தேதி. ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கிறது. வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கும். பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டு வந்து, கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறப்பார்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் வண்டல் கட்டி வெளியே தெறித்துவிடும். குறைந்த இடத்தில் கொஞ்சம் சர்க்கரை கலந்த ஒயினை ஊற்றி கார்க் அடிப்பார்கள். அந்த நாள்தான் அந்தத் தேதி. வருடம் போடாத ஷாம்பெயின், பாட்டிலில் அடைத்த பின் 15 மாதமாவது இருந்துதான் விற்பனைக்கு வரவேண்டும். அதில் 12 மாதம் ஈஸ்டோடு. நல்ல விவசாயிகள் அதற்கும் மேலே பல மாதம் காத்திருப்பார்கள். கார்க் அடித்து சில வாரமே ஆன ஒயின் முரட்டுத்தனமாக, புளிப்பு தனி சர்க்கரை தனி என்று நிற்கும். அதை வைத்து அந்த விவசாயியைத் தீர்ப்பிடாதீர்கள். மறுபக்கம், நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் வெளிச்சம் படும் அலமாரியில் கிடந்த ஒயினில் முட்டைகோஸ் வெந்த வாடை வரலாம். அதற்கும் விவசாயி பொறுப்பில்லை.

சர்க்கரை அளவைக் காட்ட லேபிளில் போடும் பெயர்களே ஏமாற்றும். எக்ஸ்ட்ரா ட்ரை என்பது ப்ரூட்டைவிட இனிப்பானது: லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. ப்ரூட்டில் 12-க்குக் கீழே, எக்ஸ்ட்ரா ப்ரூட்டில் 6 வரை. சர்க்கரையே சேர்க்காதது ப்ரூட் நாத்யூர். அதுதான் சுத்தமான ஒயின், மற்றதெல்லாம் மட்டம் என்ற பேச்சைச் சிறு தோட்டத்து ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கலாம். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நன்றாகப் பழுத்த திராட்சைக்குச் சர்க்கரை வேண்டியதில்லை; புளிப்பு தூக்கலான வருடத்தில் நாலைந்து கிராம் சேர்த்தால்தான் பழத்தின் ருசியே வெளியே தெரியும்.

கிராமத்தின் அந்தஸ்தைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. கிராண்ட் க்ரூ என்ற உச்சப் பட்டம் 17 கிராமங்களுக்குத்தான் உண்டு. ஷாம்பெயின் பகுதியின் தெற்கே இருக்கும் ஓப் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பகுதியை ஷாம்பெயின் என்றே ஒப்புக்கொள்ள மறுத்த காலமும் இருந்தது. 1911-ல் அங்கத்திய விவசாயிகள் ட்ருவா நகரத்தில் பெருங்கூட்டமாகத் திரண்டு போராடினார்கள். 1927-ல் வந்த சட்டம்தான் அவர்களை முழுதாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே மண், வெள்ளை ஒயினுக்குப் பேர்போன ஷப்லியின் சுண்ணாம்பு மண்ணோடு ஒத்தது. பெரும்பாலும் விளைவது பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை. செல்-சூர்-உர்ஸ், லே ரிசே, உர்வில் என்ற அந்தப் பகுதிக் கிராமங்களின் பெயரை லேபிளில் கண்டால் அந்த கிளாஸை அவசியம் கேட்டு வாங்குங்கள். மெனியே திராட்சைக்கும் இதே கதிதான். கலவையில் இடம் நிரப்ப மட்டும் லாயக்கு என்றார்கள். ரேன்ஸுக்கு மேற்கே குயூ கிராமத்தில் ஜெரோம் பிரெவோ என்ற விவசாயி அதை முன்னிறுத்திச் செய்யும் ஒயின் கிடைத்தால், அந்தப் பேச்சு எவ்வளவு தவறு என்று தெரியும். ஆர்பான், பெத்தி மெலியே போன்ற பழைய திராட்சை ரகங்கள் மொத்தத் தோட்டப் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. அவை சிறு கடைகளில்தான் கண்ணில் படும்.

மற்றவை சின்ன விஷயங்கள். நேராக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் ருசி முழுக்க அடங்கிப்போகும். 8 முதல் 10 டிகிரி போதும். ஒல்லியான உயரக் கிளாஸைவிட வெள்ளை ஒயினுக்கான அகன்ற கிளாஸில் வாசனை நன்றாகத் தெரியும். குமிழியை எண்ணித் தரம் பார்க்க வேண்டாம். கிளாஸில் ஒட்டியிருக்கும் நுண்ணிய நார்த் துணுக்குகளிலிருந்துதான் பெரும்பாலான குமிழிகள் கிளம்புகின்றன என்று ரேன்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் காட்டியிருக்கிறார். சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் கெடும். துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்புங்கள். மூன்று கிளாஸை விழுங்கிவிட்டால் நான்காவதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது.

கடைக்காரரிடம் “இதில் எது பெஸ்ட்?” என்று கேட்பதும் வீண்தான். ஒரே திராட்சை, இரண்டு கிராமம் என்று பக்கத்தில் பக்கத்தில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். எந்த வருடத்து ஒயின் அதிகம் கலந்தது, கார்க் அடித்து எவ்வளவு நாளாயிற்று, எந்தச் சாப்பாட்டோடு இதைக் குடிப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த விவசாயியை நேரில் பார்த்துத் திரும்பியவராக இருந்தால் நிறுத்தவே முடியாத அளவுக்குப் பேசுவார். அப்புறம், முதல் வாயில் ஓங்கி அடிக்கும் பாட்டிலை உடனே வாங்கிவிடாதீர்கள். கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்து, 20 நிமிடம் கழித்து மறுபடி குடித்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் கடைசி வரை கூட வருவது, கடையில் சத்தமில்லாமல் இருந்த இன்னொன்றாக இருக்கலாம். வீட்டில் திறந்த பாட்டில் மீந்தால் கழுத்தில் ஸ்பூன் செருகி வைப்பதால் பயன் எதுவும் இல்லை. கடையிலேயே அழுத்திப் பிடிக்கும் ஷாம்பெயின் மூடி விற்பார்கள், அதை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.