தன்பாலீர்ப்பாளர்களும் போதையும்: நாம் செய்கிற தவறுகள்

நண்பனைப் போதை மறுவாழ்வு மையத்துக்கு முதல்முறை அழைத்துப் போயிருந்தேன். எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டு ஆலோசகர் எழுதிக்கொண்டே வந்தார். தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னதும் பேனா நின்றுவிட்டது. அதற்கப்புறம் குடியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. வெளியே இருந்த அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்து, “ஒரு கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்” என்றார். அன்று ராத்திரி அவன் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தான்.

பெரிய தவறு இதுதான். குடிக்கு வைத்தியம் கேட்டு வந்தவனின் காதலுக்கு வைத்தியம் பார்ப்பது. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதை மாற்ற முயலும் ‘சிகிச்சை’களுக்கு சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை சொன்னது. மருத்துவர் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

“இவங்க எல்லாருமே இப்படித்தான்” என்பதும் தவறு. போதைப் பழக்கம் இவர்களிடையே கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்வது உண்மை. அவை காட்டும் காரணம், ஒளிந்து வாழ்வதும் வீட்டில் ஒதுக்கப்படுவதும். பெண்ணை விரும்பும் பெண்களிடமும் குடிப் பிரச்சினை மற்ற பெண்களைவிட அதிகம். குடி என்றாலே நமக்கு ஆண்கள்தான் ஞாபகம் வருவதால், அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் போட்டுப் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் குழப்பமும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வை வேண்டும். சாம்பாரில் அவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மாத்திரை கலப்பதும் வேண்டாம். அந்த மாத்திரைகளில் ஒன்றான டைசல்பிராம் உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம்.

பார்ட்டிக்குப் போகிறவர்களுக்கு: முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பாப்பர்ஸ் என்ற திரவத்தையும் வயாகராவையும் சேர்க்கவே கூடாது, அதிலும் ரத்த அழுத்தம் படுவேகமாக இறங்கும். ஜிஹெச்பி என்ற பார்ட்டி போதைப்பொருளுடன் மது சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். யாராவது மயங்கினால், வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து ‘தூங்கட்டும்’ என விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். போதையில் ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தால் வெட்கம் பார்க்க நேரமில்லை. எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டும் இலவசம்.

என் நண்பனுக்கு மூன்றாவது மருத்துவர்தான் சரிப்பட்டார். அவன் தன்னைப் பற்றிச் சொன்னதும் தலையசைத்துவிட்டு, எழுதுவதை நிறுத்தாமலே கேட்டார்: “காலையில எழுந்ததும் கை நடுங்குதா?”