குடல்வால் வெடித்துவிட்டதா? அறுவை வார்டில் கண்டுபிடிக்கும் முறை

குடல்வால் அழற்சி என்று கேஸ் ஷீட்டில் எழுதியாயிற்று. வெறும் வீக்கமா, ஓட்டை விழுந்துவிட்டதா என்பதுதான் அடுத்த கேள்வி. அல்வராடோ மதிப்பெண் இதற்குப் பதில் சொல்லாது; அழற்சி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. பத்துக்கு ஒன்பது வாங்கியவருக்கு ஓட்டை இல்லாமலும், ஐந்து வாங்கிய முதியவருக்கு வயிறு முழுக்கச் சீழாகவும் இருக்கலாம்.

முதலில் மணிக்கணக்கு. எப்போதிலிருந்து வலி என்றால் "நேத்திலேர்ந்து" என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது எந்த வேளை, அதற்குப் பிறகு சாப்பிட்டாரா, இரவு தூங்கினாரா என்று கேட்டு, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மலக்கல் (இறுகிக் கல்லான மலம்) குடல்வாலின் வாயை அடைக்கிறது. உள்ளே சுரப்பு தேங்கி அழுத்தம் ஏறுகிறது. சிரைகள் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, சுவர் அழுகிக் கிழிகிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கிழியாது; 36 மணியைத் தாண்டினால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இந்தக் கணக்கை நம்பக்கூடாது. அவர்களுக்கு வலியைச் சொல்லத் தெரியாது. சீழை மூடித் தடுக்கும் வபையும் (குடலின் முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை) மெல்லியது.

அதிகம் பேர் ஏமாறுவது "வலி குறைஞ்சிடுச்சு டாக்டர்" என்ற ஒரு வார்த்தையில்தான். குடல்வால் கிழிந்ததும் உள்ளழுத்தம் இறங்கும். சில மணி நேரம் வலி தணியும். பிறகு வயிறு முழுக்கப் பரவும். அந்த இடைவெளியில் நாடியைப் பாருங்கள். வலி குறைந்தபோது நாடி 90இலிருந்து 110க்கு ஏறியிருந்தால் அது குணமல்ல. வலி மருந்து போட்ட நேரத்தையும் சார்ட்டில் ஒப்பிடுங்கள். அதற்காக வலி மருந்தை நிறுத்தி வைக்க வேண்டாம்: கிலோவுக்கு 0.1 மி.கி. வரை மார்பின் கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய பயம்.

வயிற்றைத் தொடுவதற்கு முன் இருமச் சொல்லுங்கள். நோயாளியின் கை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். இடது கீழ்ப்புறத்திலிருந்து தொடங்கி வலப்பக்கம் வாருங்கள். அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுப்பதைவிட விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பதே போதும், நோயாளியும் அலறமாட்டார். தட்டும்போது வலி எல்லாப் பக்கமும் இருந்து வயிறு பலகைபோல் இறுகியிருந்தால் சந்தேகமில்லை. குடல்வால் இடுப்புக்குழிக்குள் தொங்கினால் வயிறு மெத்தென்றே இருக்கும். சளியோடு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பேதி, சிறுநீர்க் கடுப்பு. வயிற்றுப்போக்கு என்று ஓ.ஆர்.எஸ். கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் இவர்கள்தான். மலக்குடலில் விரல் வைத்துப் பார்த்தால் வலப்புறச் சுவரில் வலியோ புடைப்போ தெரியும். குடல்வால் சீக்கத்தின் (பெருங்குடல் தொடங்கும் பை) பின்னால் மறைந்திருந்தால், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து வலது தொடையைப் பின்னால் இழுத்தால் வலிக்கும்.

காய்ச்சல் 38.5 டிகிரிக்கு மேல், வெள்ளணு 15,000க்கு மேல், சி.ஆர்.பி. (அழற்சியில் ஏறும் ரத்தப் புரதம்) லிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல், பிலிருபின் லேசாக ஏற்றம், சோடியம் 135க்குக் கீழ்: தனித்தனியாக எதுவும் தீர்ப்பல்ல, சேர்ந்து வந்தால் கனம் உண்டு. முதியவர்களிடமும் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் வெள்ளணு பேசாமல் இருந்துவிடும். பிள்ளைப்பேறு வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை தவறக்கூடாது.

அல்ட்ராசவுண்டில் 6 மி.மீ.க்கு மேல் தடித்து, அழுத்தினால் அமுங்காத குழாய் என்பது கிழியாத குடல்வாலின் அடையாளம். கிழிந்ததும் அது சுருங்கிக் கண்ணில் படாமல் போகலாம். "குடல்வால் தெரியவில்லை" என்ற ரிப்போர்ட்டை "நார்மல்" என்று படிக்காதீர்கள். சிரைவழி கான்ட்ராஸ்டோடு எடுக்கும் சி.டி.யில் சுவரில் இடைவெளி, குழாய்க்கு வெளியே காற்று, வெளியே விழுந்த மலக்கல், சீழ்க்கட்டி ஆகியவற்றைத் தேடுங்கள். இவை இல்லையென்றால் ஓட்டையும் இல்லை என்று ஆகிவிடாது.

நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு அடியில் காற்று தெரிவது குடல்வாலில் அரிது, வாய்தான் அடைபட்டிருக்கிறதே. காற்று நிறைய இருந்தால் முன்சிறுகுடல் புண்ணையோ டைபாய்டால் குடலில் விழுந்த ஓட்டையையோ நினையுங்கள். புண் ஓட்டையிலிருந்து கசியும் திரவம் வலப்பக்க ஓரமாக இறங்கிக் குடல்வால்போல் நடிக்கும். 1926இல் நியூயார்க்கில் நடிகர் ருடால்ஃப் வாலன்டினோவுக்கு நேர்ந்தது அதுவே. இந்த அடையாளத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

தெளிவாகாவிட்டால் சிரைவழி நீரும் ஆன்டிபயாடிக்கும் தொடங்கிவிட்டு, இரண்டிலிருந்து நான்கு மணிக்கு ஒருமுறை, கூடியமட்டும் அதே மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும். மயக்கம் கொடுத்தபின் கத்தி வைக்குமுன் இன்னொரு முறை தொடுங்கள். தசை தளர்ந்ததும் அதுவரை தெரியாத கட்டி கைக்குப் படும். அறுவைக் குறிப்பில் "ஓட்டை" என்று எழுத, ஓட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அல்லது மலக்கல் வயிற்றுக்குள் கிடக்க வேண்டும். கலங்கிய நீர் மட்டும் போதாது. அந்தக் கல்லைத் தேடி எடுத்துவிடுங்கள். உள்ளே விட்டால் அதைச் சுற்றி மறுபடி சீழ் கட்டும்.