குரோஷா பழகப் போகிறீர்களா? கடையிலேயே ஆரம்பிக்கும் தவறுகள்

'எனக்கு குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) வரவே வராது' என்று பாதியில் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பலருக்கும் கையில் குறையே இல்லை, வாங்கிய சாமான்தான் சரியில்லை.

பழைய வீடுகளில் டிவி மேல் போட்டிருந்த வெள்ளை லேஸ் விரிப்பு ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி போட ஆசைப்பட்டு, மதுரை விளக்குத்தூண் பக்கம் போய் மெல்லிய நூலும் ஒன்றரை மி.மீ. எஃகு ஊசியும் வாங்கி வந்தேன். ஆரம்பச் சங்கிலிப் பின்னல் போட்டாயிற்று, ஆனால் திரும்பி அடுத்த வரிசை போட வந்தால் ஊசியை எந்த ஓட்டையில் விடுவது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை. பழகுவதற்குக் கொஞ்சம் தடித்த நூலும் 4 அல்லது 5 மி.மீ. ஊசியும்தான் சரி, நூலைச் சுற்றியிருக்கும் தாளில் ஊசி அளவு போட்டிருந்தால் அதையே எடுங்கள். கறுப்பு, கருநீலம் இப்போதைக்கு வேண்டாம். வெளிர் நிறம் என்றால், ஒவ்வொரு பின்னலின் தலையிலும் 'வி' மாதிரி படுத்திருக்கும் இரண்டு இழையும் பளிச்சென்று தெரியும், ஊசி போக வேண்டிய இடம் அதுதான்.

கடையில் 'உல்லன்' என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். விலை குறைவு, போட்டுப் பிரித்துப் பழக நல்லது. ஆனால் சித்திரை மாத மதுரை வெயிலில் குழந்தைக்கு அக்ரிலிக் கவுன் போட்டுவிட்டால் பாவம், வியர்த்து நசநசத்துப் போகும், அதற்குப் பருத்தி நூல்தான். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைப்பிடித் துணியை மட்டும் அக்ரிலிக்கில் பின்னவே பின்னாதீர்கள், சூட்டில் உருகி விரலில் ஒட்டிவிடும்.

ஒரு பைக்கு எத்தனை உருண்டை தேவையோ அத்தனையும் ஒரே தடவையில், சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்குக் கொடுக்கும் எண்) ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு வாங்கும் சிவப்பு, முதலில் வாங்கிய சிவப்போடு சேராமல் போகலாம்.

அப்புறம், வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். ஓரத்தில் இருக்கும் முதல் பின்னலும் கடைசிப் பின்னலும்தான் விட்டுப்போகும், 20 இருந்தது 17 ஆகி, சதுரம் மேலே போகப் போகக் குறுகிவிடும். அந்த இரண்டிலும் ஒரு ஊக்கு மாட்டினால் போதும்.

வீடியோ பார்த்துப் போடுகிறவர்கள் அதில் சொல்லும் பின்னல் பெயர்கள் அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று முதலிலேயே பாருங்கள். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதுதான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே.

முடித்த கையோடு நூலை ஒட்ட வெட்டாதீர்கள். ஒரு சாண் விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பின்னலுக்குள் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சலவையில் முனை வெளியே வந்து பிரிய ஆரம்பித்துவிடும்.